தாம்பாளத்தில் ஒரு கேபிள் சுருள்

அன்புள்ள அம்மணிக்கு,

டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில், நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்க்க, ஒரு கேபிள் சுருளுக்கு மல்டிமீட்டர் வைத்து, "ஐம்பது ஓம்னு சொன்னீங்க, இதுல ஒரு ஓம்கூட இல்லீங்களே!" என்று உன் அப்பன் சண்டை போட்டான். உள்ளே ஓடும் செம்புக் கம்பியின் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தேன், சைபர். கம்பிக்கும் அதைச் சுற்றியிருக்கும் செம்பு வலைக்கும் நடுவே வைத்தேன். மீட்டர் கையை விரித்தது. சிங்காநல்லூரில் இத்தனை வருடமாகப் பம்ப் மோட்டார் உதிரிபாகம் விற்கிறவன் நான். எரிந்த காயிலா, நல்ல காயிலா என்று மீட்டரை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்கிறவன். என்னையே ஏமாற்றப் பார்க்கிறார்களா என்று எனக்குக் கொதித்தது. கடைக்காரர் பாய் நிதானமான மனிதர். "அண்ணே, இது மீட்டர்ல வர்ற ஓம் இல்லீங்க" என்றார். "ஓம்னா ஓம்தானுங்க. பத்து மீட்டர் நீளத்துல வரலைன்னா இன்னொரு பத்து மீட்டர் சேர்த்து வெட்டுங்க, வந்துரும்" என்றேன். மோட்டார் காயிலில் கம்பி நீண்டால் ஓம் கூடும், அந்தத் தைரியம். "நூறு மீட்டர் வெட்டுனாலும் இது ஐம்பதுதான். ஒரு சாண் வெட்டுனாலும் ஐம்பதுதானுங்க" என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். நான் விட்டேனா? கடைசியில் பாய்க்கே பொறுமை போய்விட்டது. உள்ளே போய் ஏதோ ஒரு உருளையிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார். மேலே ஓர் எழுத்துகூட இல்லாத கறுப்புச் சுருள். அதை என் கையில் வைத்து, "ஐம்பதோ எழுபத்தஞ்சோ, உங்களுக்கு எந்தப் பேரு புடிக்குதோ அதைச் சொல்லிக் கூப்பிட்டுக்குங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் பிறகு கோபிசெட்டிபாளையத்தில் வைத்து என் கழுத்தைப் பிடித்தது.

கல்யாண வேலையெல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் பெண்ணுக்கு அப்பன் எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும். எனக்கு அதற்குத் தகுதி இல்லை என்பது உனக்கும் தெரியும். ஆனால் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்று என்ன நடந்தது என்று நீ போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். உன் அம்மா ஒரு கதை சொல்கிறாள். உன் பெரியப்பா ஒரு கதை சொல்கிறார். அவர் கதையில் அவரே தென்னைமரம் ஏறுகிறார். அவர் பிடித்தது வெறும் கயிறு. அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

தினேஷ் நீயே பார்த்துச் சொன்ன பையன். அந்தியூருக்கு மேலே மலைக் கிராமத்து சுகாதார நிலையத்தில் நர்ஸ் என்றாய். "ஆம்பளப் பையன் நர்ஸா?" என்று உன் பெரியப்பா ஒரு வாரம் காபி குடிக்காமல் இருந்தார், அதாவது நம் வீட்டில் குடிக்காமல் இருந்தார். அவன் அப்பா தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், ரேடியோப் பைத்தியம், லைசென்ஸ் வாங்கி வீட்டிலேயே செட் வைத்திருக்கிறார் என்றும் சொன்னாய். மலைமேல் செல்போன் கோபுரம் கிடையாது. அதனால் மகனையும் பரீட்சை எழுத வைத்து, லைசென்ஸ் வாங்கிக் கொடுத்து, அங்கேயும் ஒரு செட்டை வைத்திருக்கிறார். தினமும் மதியம் மூன்று மணிக்கு அப்பாவும் மகனும் ரேடியோவில் பேசிக்கொள்வார்கள். வீட்டு ஆன்டெனாவிலிருந்து செட்டுக்கு வரும் கேபிள் இற்றுப்போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னதாக நீ பேச்சுவாக்கில் சொன்னாய். சரி, எல்லோரும் தாம்பாளத்தில் ஆப்பிளும் ஆரஞ்சும் வைப்பார்கள், நாம் சம்பந்திக்குப் பிடித்ததை வைப்போம் என்று தோன்றியது. நீ வேலை பார்ப்பதே ஆன்டெனா செய்யும் கம்பெனியில், எத்தனை ஓம் என்று மட்டும் உன்னிடம் நைசாகக் கேட்டுக்கொண்டேன். ரேடியோ செட்டுக்கு ஐம்பது, டி.வி.க்கு எழுபத்தைந்து என்றாய். வெற்றிலை, வாழைப்பழம், மல்லிகைப்பூ, நடுவில் பாம்பு மாதிரி அந்தக் கறுப்புச் சுருள். உன் அம்மா அதற்கும் குங்குமம் வைத்தாள்.

நாங்கள் கோபிக்குப் போய் இறங்கியபோதே நல்ல மழை. வாசலில் வாழைத்தோட்டம், பின்னால் மாட்டுக்கொட்டாய், இரண்டு தென்னைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய ஆன்டெனா. அந்த ஒரு ஏக்கர் அவர்களுடையது. நம் வீட்டுத் தாத்தாவும் அந்த வீட்டுத் தாத்தாவும் அந்தப் பக்கத்து வயல்களில் அடுத்தவர்களுக்கு நாற்று நட்டவர்கள்தான். வாத்தியார் அதையே சொல்லி, என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். காபி வந்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியும். பேச்சு உறுதியானால்தான் அந்த வீட்டில் இலையில் உட்கார்ந்து கை நனைப்பது. மாப்பிள்ளை முகத்தை நேரில் பார்க்காமல் எப்படிக் கை நனைப்பது? அவன் காலை ஜீப்பில் இறங்கிப் பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவான் என்றார்கள். பன்னிரண்டு ஆனது. ஒன்றும் ஆனது. உள்ளே சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும் வாசனை வந்தது. உன் பெரியப்பா என் காதில், "பையனுக்கு இஷ்டமில்லையோ என்னமோடா. கெளம்பலாமா?" என்றார். அவர் குசுகுசுப்பது மாட்டுக்கொட்டாய் வரைக்கும் கேட்கும். வாத்தியார் முகம் சுருங்கியது.

அப்போதுதான் பால் வண்டிக்காரர் நனைந்துகொண்டே வந்தார். வாசலில் நின்று, உள்ளே விருந்தாளிகள் இருப்பதைப் பார்த்துத் தயங்கி, வாத்தியாரை மட்டும் கூப்பிட்டார். "ஏனுங்க சார், தம்பி மேலிருந்து வந்துட்டாருங்களா? மலைப்பாதைல மண்ணு சரிஞ்சுருச்சாம். காலைல எறங்குன ஜீப்பு ஒண்ணு உருண்டுபோச்சுன்னு அந்தியூர்ல பேசிக்கறாங்க." அவ்வளவுதான். யாரும் அழவில்லை. தினேஷின் அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார், வைத்த இடத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை. வாத்தியார் அந்தியூருக்குப் போன் போட்டார், ஆஸ்பத்திரிக்குப் போட்டார். ஜீப் உருண்டது உண்மை, ஆட்கள் யாரென்று தெரியவில்லை, பாதை அடைபட்டிருக்கிறது என்றார்கள். எனக்கு அவன் முகம் நீ காட்டிய ஒரு போட்டோ. உனக்கு அப்படி இல்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றுக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது. "மூணு மணிக்கு அவன் செட்டுக்கிட்ட இருந்தான்னா பேசுவான். பேசலைன்னா..." என்று நிறுத்தினார். பிறகு செட் இருக்கும் அறைக்குள் ஓடினார். நாங்களும் பின்னால் போனோம். ஜன்னலோரம் கேபிள் இரண்டு துண்டாகத் தொங்கியது. இற்றுப்போயிருந்த இடத்தில் அணில் மிச்ச வேலையையும் முடித்துவிட்டிருந்தது. அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினார். கூடத்து மேசையில் நம் தாம்பாளம் இருந்தது. மல்லிகைப்பூவுக்கு நடுவில் அந்தச் சுருளைப் பார்த்ததும் மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டது கேபிளையா என்னையா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. "சம்பந்தி, இது ஐம்பது ஓம்தானுங்களே? போன வருசம் பொருந்தாத கேபிளைப் போட்டு ஒரு செட்டை எரிச்சுப்போட்டேனுங்க. இப்ப இருக்கறது இது ஒண்ணுதான்." நான் வாயைத் திறக்கும் முன் அவரே, "அட, உங்களைப் போய்க் கேக்கறேன் பாருங்க. அம்மணி செய்யற வேலையே இதுதான, அது சொல்லாமயா வாங்கியிருப்பீங்க" என்றார். நான், "ஆமாங்க, ஐம்பதுதானுங்க" என்றேன். சொன்ன வாய் மூடும் முன் பாய் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார்: ஐம்பதோ எழுபத்தஞ்சோ.

மின்சாரம் வேறு போய்விட்டது. செட்டுக்கு பேட்டரி இருக்கிறது, கேபிள் முனையில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கோலுக்கு? தினேஷின் அம்மா பேசாமல் அதன் செம்பு முனையை கேஸ் அடுப்பில் காட்டிச் சூடேற்றிக் கொடுத்தார். பாயசம் காய்ந்த அதே அடுப்பு. ஆன்டெனாவைக் கப்பியும் கயிறுமாக இறக்கி ஏற்றும்படி கட்டியிருந்தார்கள். கயிற்றைப் பிடிக்கத்தான் உன் பெரியப்பா, பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கினார். வாத்தியார் அளவு பார்த்துக் கேபிளை வெட்டியதும், மிச்சம் விழுந்த ஒரு முழத் துண்டை எடுத்துக்கொண்டு நான் மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் நழுவினேன். உனக்குப் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. ஆன்டெனா சோதிக்கும் அந்த அறைக்குள் இருந்திருப்பாய். சுவரெல்லாம் மூடி, ரேடியோ அலை ஒன்றும் நுழைய முடியாமல் கட்டிய அறை என்று நீயே சொன்னாயே, அதில். எடுத்திருந்தாலும் நான் கேபிளைப் பற்றித்தான் கேட்டிருப்பேன். ஜீப்பைப் பற்றி எனக்கு வாய் வந்திருக்காது. நீ எடுக்காததே நல்லது.

மாடு என்னைப் பார்த்தது. நான் கேபிளைப் பார்த்தேன். அப்போதுதான் நீ கல்லூரி லீவில் வந்திருந்தபோது, அடுக்களையில் உன் அம்மா வைத்திருந்த வாழைத்தண்டை எடுத்து எனக்குப் பாடம் நடத்தியது ஞாபகம் வந்தது. நடுவில் தண்டு, அதுதான் கம்பி. அதைச் சுற்றிப் பட்டை, அதுதான் வெள்ளைப் பிளாஸ்டிக். அதற்கு மேல் வலை. வலைக்கு மேலே இருக்கும் கறுப்புத் தோல் கணக்கில் வராது. வெள்ளைப் பிளாஸ்டிக்கின் விட்டத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுக்க வேண்டும். அதற்கு லாக் எடுத்து நூற்று முப்பத்தெட்டால் பெருக்கி, பிளாஸ்டிக்குக்காக ஒன்றரையால் வகுத்தால் ஓம். இரண்டு தடிமனுக்கும் உள்ள விகிதம்தான் எல்லாம், நீளத்துக்கு அங்கே வேலையே இல்லை என்றாய். பல இழைகள் சேர்ந்த முறுக்குக் கம்பி என்றால் கணக்கைவிட இரண்டு மூன்று கூட வரும் என்றும் சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். "பாடம் முடிஞ்சுதுன்னா தண்டைக் குடுங்க, பொரியல் பண்ணோணும்" என்று உன் அம்மா பிடுங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு நான் ஒழுங்காகக் கேட்டிருந்தால் பாய் கடையில் மானம் போயிருக்காது. ஆனாலும் பார், பாதிக்கு மேல் உள்ளே தங்கியிருக்கிறது.

மோட்டார் கம்பி அளக்கும் மைக்ரோமீட்டர் எப்போதும் என் பையில் இருக்கும். படிக்கும் கண்ணாடிதான் இல்லை. "கண்ணாடியைப் போட்டா மாப்பிள்ளைக்குத் தாத்தா மாதிரி இருக்கறீங்க" என்று உன் அம்மா சொன்னதால் அதைக் காரிலேயே விட்டிருந்தேன். கார் தோட்டத்துக்கு அந்தப் பக்கம், மழை இந்தப் பக்கம். வலையை உரித்து, கண்ணைச் சுருக்கி, மாட்டுக்கொட்டாய் வெளிச்சத்தில் கோடுகளைப் படித்தேன். கம்பி 0.40 மில்லி. பிளாஸ்டிக் 2.45. போனிலேயே கணக்குப் போட்டேன். நூற்று அறுபத்தாறு வந்தது. ஐயோ என்று ஆனது. பிறகு பார்த்தால் லாக் பக்கத்தில் இருக்கும் இன்னொரு பொத்தானை அழுத்தியிருக்கிறேன். அவசரப்பட்டால் அப்படித்தான். நிதானமாக மறுபடி போட்டேன். எழுபத்திரண்டு சொச்சம். முறுக்குக் கம்பி என்று இரண்டு மூன்று கூட்டினால் சுளையாக எழுபத்தைந்து. பாய் கோபத்தில் டி.வி. கேபிளை வெட்டிக் கொடுத்துவிட்டார்.

அம்மணி, அந்த இடத்தில் நான் நின்றது கொஞ்ச நேரம்தான், ஆனால் அது போல் ஒரு நேரம் எனக்கு வந்ததில்லை. சொன்னால், இத்தனை பேர் முன்னால் நான் பொய்யன். அதைவிட, "ரேடியோ வேலை பார்க்கற பொண்ணாம், கேபிள்கூடத் தெரியல" என்று உன் தலையில் விழும். சொல்லாவிட்டால், அனுப்புகிற சக்தி வெளியே போகாமல் திரும்பி வந்து செட்டைச் சுட்டுவிடும், எனக்குப் புரிந்தவரைக்கும். இருப்பது ஒரு செட். பேச இருப்பது ஒரு வேளை. அந்தப் பக்கம் ஒரு பையன், இருந்தால். சொல்லாமலே விட்டுவிடலாம், எரிந்தால் மழை மேல் பழியைப் போடலாம் என்றும் ஒரு புத்தி வந்தது. மாடு தலையை ஆட்டியது. அது ஈ ஓட்டத்தான் ஆட்டியது, எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு வெட்கமாகிவிட்டது.

உள்ளே போனபோது வாத்தியார் கேபிளைச் செட்டில் திருகிவிட்டு, மைக்கைக் கையில் எடுத்திருந்தார். "இருங்க, அழுத்தீராதீங்க" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அது ஐம்பது இல்லீங்க. எழுபத்தஞ்சு. இப்பத்தான் அளந்து பார்த்தேன். மொதல்ல தெரிஞ்ச மாதிரி சொல்லிப்போட்டேன். அம்மணி ஐம்பதுன்னு சரியாத்தான் சொல்லுச்சு, நான்தான் கடைல சண்டை போட்டு மாத்தி வாங்கிட்டு வந்துட்டேன்." உன் பெரியப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டார். உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. வாத்தியார் மைக்கைக் கீழே வைத்தார். மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. மழை மட்டும் ஓட்டின் மேல் பேசிக்கொண்டிருந்தது.

தினேஷின் அம்மாதான் வாயைத் திறந்தார். அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. "எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுதுங்க. என் பையன் கொரலு ஒரே ஒரு தடவை வந்தாப் போதும். அழுத்துங்க." வாத்தியார் சக்தியைக் குறைக்கும் குமிழை இருக்கிறதிலேயே அடிமட்டத்துக்குத் திருகினார். "இவ்வளவு கம்மில மலைக்குப் போய்ச் சேருமான்னு தெரியலீங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அழுத்தினார்.

"தினேசு, தினேசு, அப்பா பேசறேன். கேக்குதா கண்ணு?" விட்டார். இரைச்சல். சோளப்பொரி பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல், அதற்குள் ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினார். மறுபடி இரைச்சல். நான் செட்டின் பின்பக்கத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கருகல் வாசனை வருகிறதா என்று. அறையில் அத்தனை பேரும் பையனுக்காகக் காதைத் தீட்ட, உன் அப்பன் மூக்கைத் தீட்டினான். மூன்றாவது தடவை அவரால் "தினேசு" என்று முழுதாகச் சொல்ல முடியவில்லை. பாதியில் விட்டுவிட்டார்.

இரைச்சலுக்குள்ளிருந்து, "...ப்பா. கேக்குதுங்ப்பா. சொல்லுங்க" என்றது.

வாத்தியார் பொத்தானை அழுத்த மறந்துபோய் வெறும் மைக்கில் பேசினார். உன் அம்மாதான் அவர் விரலைப் பிடித்து அழுத்தினாள், நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும். "எங்க கண்ணு இருக்கற?" "மேலதானுங்ப்பா. அந்த ஜீப்புல நான் ஏறலை. ஏறப் போற நேரத்துல ஒரு அம்மாளுக்கு வலி எடுத்துருச்சு, திரும்பி வந்துட்டேன். ஜீப்பு காலியாத்தான் போச்சு. டிரைவர் அண்ணன் குதிச்சுட்டாரு, கைதான் ஒடைஞ்சிருக்கு. கட்டுப் போட்டு உக்கார வச்சிருக்கறேன்." தினேஷின் அம்மா மைக்கைப் பிடுங்கி, "பிரசவம் ஆச்சா?" என்றார். மகன் பிழைத்திருக்கிறான் என்று கேட்ட அடுத்த நொடி அந்த மனுஷி கேட்ட கேள்வி அது. "ஆச்சுங்ம்மா. பொட்டப்புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க. அவங்கெல்லாம் வந்துட்டாங்களா? சாப்பிட்டாங்களா?" அதைக் கேட்டதும் அவர் மைக்கை என் கையில் திணித்துவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதார். நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "சாப்பிடப் போறோமுங்க மாப்பிள்ளை" என்றேன். உன் கல்யாணம் உறுதியானது அப்படித்தான். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமலே கை நனைத்தோம். உன் பெரியப்பா பாயசத்துக்கு மூன்று முறை கை நீட்டி, "நர்ஸ் வேலைன்னா சும்மாவா" என்றார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது வாத்தியார் என் பக்கத்தில் வந்து நின்றார். "கேபிளு எதுவோ ஆகட்டுமுங்க. அந்த நேரத்துல அத்தனை பேரு முன்னாடி வந்து தப்புன்னு சொன்னீங்க பாருங்க. அந்த ஊட்டுப் பொண்ணு எங்க ஊட்டுக்கு வருது, அது போதுமுங்க" என்றார். அன்றிலிருந்து அவர் சொந்தபந்தத்தில் எனக்கு உண்மை பேசுகிறவர் என்று பேர். கோபியில் போய் விசாரித்துப் பார். அதனால் தகுதி இல்லாவிட்டாலும் ஒரே ஒரு புத்திமதி சொல்லிவிடுகிறேன். நீ போகிற வீட்டில் தப்பு செய்வாய், என் பெண்தானே. செய்தது தெரிந்ததும், பொத்தானை அழுத்தும் முன்னால் சொல்லிவிடு. அந்த வீட்டார் தாங்கிக்கொள்வார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கென்று நேற்றுப் புதுக் கண்ணாடி வாங்கினேன். உன் அம்மா என்ன சொன்னாலும் சரி, இனிமேல் போட்டுக்கொள்வதாக இருக்கிறேன். கடையில் உட்கார்ந்து, இதில் சின்ன எழுத்தெல்லாம் தெரிகிறதா பார்ப்போம் என்று பையைத் துழாவினால், மைக்ரோமீட்டரும் அந்த மிச்சத் துண்டும் ஒன்றாக வந்தன. சும்மா அளந்தேன். மைக்ரோமீட்டரில் மேலே மில்லிக் கோடு இருக்கும், கீழே பொடியாக அரை மில்லிக் கோடு இருக்கும். அது வெளியே தெரிந்தால் அரையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கம்பிக்கும் பிளாஸ்டிக்குக்கும் இரண்டு தடவையும் தெரிந்தது; அன்றைக்குக் கண்ணாடி இல்லாத கண்ணுக்கு இரண்டு தடவையும் தெரியவில்லை. கம்பி 0.90, பிளாஸ்டிக் 2.95. கணக்கில் நாற்பத்தேழு சொச்சம் வருகிறது. முறுக்குக் கம்பிக்கு நீ சொன்ன இரண்டு மூன்றைக் கூட்டிக்கொள். காலமெல்லாம் கம்பி விற்றவனின் விரலுக்காவது தெரிந்திருக்க வேண்டும், அதற்கும் தெரியவில்லை. பாய் கொடுத்தது ஐம்பது ஓம் கேபிள்தான். சம்பந்தியிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்பா